பந்திக்கு எழாதவர்

அத்தியாயம் 7

“யார் எழுந்து போறாங்கன்னு பாக்காதே ஸைஃப். யார் எழுந்திருக்கலைன்னு பாரு.”

விசாலாட்சி அக்கா என் காதருகே இதைச் சொன்னபோது முன் பெஞ்சில் இருந்த அம்மாள் திரும்பி முறைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தூய பிலேமோன் ஆலயத்தின் கடைசி பெஞ்சில், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு அக்காவும் கன்னம் நிறையத் தாடியோடு நானும் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் ஜெபத்தில் மனம் நிற்கும்?

“எழுந்து போய் என்ன பண்ணுவாங்க?” என்றேன்.

“பீடத்துக்கு முன்னாடி முட்டி போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவாங்க. திருவிருந்து. மனசுல குறை எதுவும் இல்லாமத்தான் அந்தப் பந்திக்குப் போகணும். குறையை வச்சுக்கிட்டுக் கை நீட்டினா தண்டனையைக் கேட்டு வாங்கிக்கிற மாதிரின்னு நம்புறாங்க. அதனால குறை இருக்கிறவங்க பெஞ்சை விட்டு நகர மாட்டாங்க.”

“அப்ப சாப்பாடு வேணாம்னு சொல்றவர்தான் திருடரா? தமிழ் ஆளுங்கள்ல அப்படி ஒருத்தர் இருந்தா ஈஸியா கண்டுபிடிச்சிடலாம் லா.”

அக்கா சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது டன்லப் ஸ்திரீட்டில் மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை, வாசலில் ‘துப்பறியும் சேவை’ என்று ஒரு பலகை, உள்ளே நான். அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு.

கதையை நடுவில் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆலயத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளிப் பாத்திரம் ஒன்று இருந்தது. திருவிருந்தில் திராட்சரசம் கொடுக்கும் கிண்ணம் அது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை ஆராதனை முடிந்ததும் பீடத்திலிருந்து துணி, மெழுகுவர்த்தி, சிலுவை எல்லாவற்றையும் எடுத்து, பீடத்தை வெறுமையாக்கி விடுவார்கள். அப்படி எடுத்ததில் பாத்திரமும் ஒரு துணிப்பைக்குள் போய், ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையின் அலமாரியில் பூட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை திருவிருந்து கிடையாது என்பதால் அலமாரியை யாரும் திறக்கவில்லை. ஈஸ்டர் விடியலில் திறந்தபோது பாத்திரத்தையும் காணோம், பையையும் காணோம்.

அந்த அலமாரிக்கு இரண்டு சாவிகள். ஒன்று சபையின் வார்டன் தவமணியிடம். வார்டன் என்றதும் நான் சிறைச்சாலையை நினைத்துக்கொண்டேன். சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பெரிய மனிதராம். இன்னொரு சாவி ஆலய வேலைகளைப் பார்க்கும் ‘கோயில்பிள்ளை’ சின்னராசுவிடம். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, ஆராதனையை இணையத்தில் ஒளிபரப்பக் கேமரா வைப்பது எல்லாம் அவர்தான். ஊரில் நாசரேத் பக்கத்திலிருந்து வேலை பாஸில், அதாவது இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதியில், வந்தவர். தன் சாவி தன்னை விட்டு எங்கும் போகவில்லை என்றார் வார்டன்; நம்பினார்கள். சின்னராசுவும் அதையேதான் சொன்னார், நம்பவில்லை.

போலீஸுக்குப் போகவில்லை. கூடிப் பேசி, மன்னித்துவிட்டார்கள். மன்னித்து, பாஸை ரத்து செய்து, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இன்று மாலை விமானம்.

“செய்யாத தப்புக்கு என்னத்தைக்கா மன்னிக்காங்க?” என்று நேற்று தன் அறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டே சின்னராசு கேட்டார். “போலீஸ்ல சொல்லியிருந்தா விசாரிச்சாவது இருப்பாங்க. ஊருக்குச் செய்தி போயாச்சு. அடுத்த மாசம் ஊர்ல எம் மகளுக்குத் திடப்படுத்தல், சபையில முழுசாச் சேர்த்துக்கிடுத சடங்கு. பேராயர் அவ தலையில கை வைக்கிற நேரத்துல, திருடன் மகன்னு பின்னால பேசுவாங்கல்ல?”

அவர் சம்பளத்தைக் கேட்கவில்லை, பாஸைக் கேட்கவில்லை. தான் எடுக்கவில்லை என்று பீடத்திலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான். எங்களை அமர்த்திய ஆயர் ஜெயகரனுக்கோ கவலை வேறு. இங்குள்ள பேராயர் ஆலயத்தைப் பார்க்க வருவதற்குள் பாத்திரம் கிடைத்தாக வேண்டும் என்றார். சின்னராசுவின் பெயரை அவர் வாயிலிருந்து நாங்கள்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

ஆராதனை பாவ அறிக்கையைத் தாண்டிப் பிரசங்கத்தைத் தாண்டி, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் இடத்துக்கு வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முறைத்த அம்மாள்கூடத் திரும்பி, “சமாதானம் தம்பி” என்று கை குலுக்கினார். வார்டன் மனைவி அன்னம்மா இரண்டாவது வரிசையிலிருந்து கடைசி பெஞ்சு வரை வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். என் தாடியைப் பார்த்தும் தயங்கவில்லை. அவர் திரும்பிப் போனதும் வார்டன் தவமணி கோட்டைச் சரிசெய்துகொண்டு வந்து மனைவியிடம் கையை நீட்டினார். அன்னம்மா அந்த நேரம் பார்த்துக் கீழே குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். காலையில் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

திருவிருந்து தொடங்கியது. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். ஆயர் அப்பம் கொடுத்துக்கொண்டு வர, பின்னாலேயே வார்டன், பக்கத்து ஆலயத்தில் இரவல் வாங்கிய பாத்திரத்தை ஒவ்வொருவர் வாயருகேயும் கொண்டுபோய், விளிம்பைத் துடைத்து, திருப்பி, அடுத்தவரிடம் நகர்ந்தார். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

“எனக்கு அந்த ஆள் மேல ஒரு கண்ணு இருந்துச்சு. மன்னிப்போம்னு முதல்ல சொன்னவர் அவர்தானாம்,” என்றார் அக்கா. “ஆனா அவர் இல்ல. குறை இருக்கிறவர் அதைத் தொட மாட்டார். சரி, யார் உட்கார்ந்திருக்கா?”

“சின்னப் பசங்க. காலில் கட்டுப் போட்ட ஒரு அங்கிள், அவருக்கு ஆயரே நேரில் வந்து கொடுத்துட்டார். நாம ரெண்டு பேர். அப்புறம்…” எனக்கே ஆச்சரியமாக இருந்தது. “அன்னம்மா ஆன்ட்டி.”

“பீட அலங்காரக் குழுவுக்கு அவங்கதான் தலைவி. பீடத் துணியெல்லாம் அவங்க வீட்டுலதான் வெளுக்குது. மடியில என்ன?”

“துணிப்பை.”

“வெளுத்துக் கஞ்சி போட்ட துணியை எப்படி எடுத்துட்டு வருவாங்க?”

“மடிப்புக் கலையாம, தட்டையா.”

“அந்தப் பை எப்படி இருக்கு?”

“பூசணிக்காய் வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு.”

“அவ்வளவுதான்,” என்று அக்கா எழுந்தார். நாங்கள் இருவரும் கதவோரம் போய் நின்றோம்.

ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் எல்லோரும் கறிபஃப்பும் கோப்பியுமாகக் கூடிவிட்டார்கள். துணி வைக்கும் சின்ன அறையில் அன்னம்மா தனியாக இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பை மேசையின் மேல் இருந்தது.

“நீங்க திறக்கிறீங்களா, நான் திறக்கட்டுமா?” என்றார் அக்கா.

அன்னம்மா பையைத் திறந்தார். உள்ளே பச்சைக் கம்பளித் துணியில் தைத்த இன்னொரு பை, அலமாரியிலிருந்து காணாமல் போனது. அதற்குள் இரண்டு துண்டாகப் பாத்திரம். தண்டு தனியாக வந்திருந்தது. கிண்ணத்தின் ஒரு பக்கம் சூட்டில் இளகித் தொங்கிப் போயிருந்தது. உள்ளே பாதி புதுத் தங்கமாக மின்னியது, பாதி கருகிக் கிடந்தது.

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். “எத்தனை வருஷமா இதைத் துடைச்சு வச்சீங்க? இதையே எடுத்துட்டுப் போக மனசு வந்திருக்கு. உங்களுக்குப் பதிலா ஒருத்தர் இன்னைக்குப் பெட்டியோட ஊர் போறார். சாமிக்குப் பயந்து பந்திக்கு மட்டும் எழுந்திருக்கல. அந்த மனுஷனைப் பத்தி யோசிச்சீங்களா?”

அன்னம்மா பையின் வாயை மடித்து வைத்தார். அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எனக்கு என்னவோ இடித்தது.

“அக்கா, ஒரு சின்ன டவுட். திருடினவங்க புருஷனுக்குக் கை குடுக்கக் கூடாதுன்னு ஏதாவது ரூல் இருக்கா?”

“என்ன உளர்றே?”

“சமாதானம் சொல்றப்ப ஆன்ட்டி எல்லாருக்கும் கை குடுத்தாங்க. எனக்கே குடுத்தாங்க. வார்டன் கையை நீட்டினப்ப மட்டும் குனிஞ்சு புக் தேடினாங்க. எங்க வீட்டுல உம்மா இப்படிப் பண்ணினா, தப்புப் பண்ணினது வாப்பான்னு அர்த்தம்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அன்னம்மாவையே பார்த்தார்.

“குறையில ரெண்டு வகை இருக்கு,” என்றார் மெதுவாக. “தான் செஞ்சதால வர்றது ஒண்ணு. இன்னொருத்தர் மேல மனசு கசந்து போய் இருக்கிறது இன்னொண்ணு. ரெண்டுல எது இருந்தாலும் பந்திக்குப் போகக் கூடாது. அப்படித்தானேம்மா?”

அப்போதுதான் அன்னம்மா உட்கார்ந்தார்.

“அவர் திருடல,” என்றார். “உள்பக்கத்துத் தங்கப் பூச்சு தேஞ்சு போச்சுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தார். ஈஸ்டர் அன்னைக்குப் புதுசா மின்னணும், ஆயர் பீடத்துல நின்னு வார்டனுக்காக ஸ்தோத்திரம்னு சொல்லணும். அந்த ஆசை. யார்கிட்டயும் கேக்காம வியாழக்கிழமையே எடுத்துட்டுப் போய்த் தெரிஞ்சவர் யார்கிட்டயோ குடுத்திருக்கார். சூடு அதிகமாகி இப்படி ஆயிடுச்சு. இந்தப் பையை நான்தான் தைச்சேன். எங்க கார் பூட்டுல கிடந்துச்சு.”

“அப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும்.”

“சொல்லுங்கன்னு கெஞ்சினேன். வருஷக் கூட்டம் வருது, வார்டன் எலெக்ஷன் முடியட்டும்னார். அதுக்குள்ள யாரோ சின்னராசு பேரைச் சொன்னாங்க. இவர் சொல்லல. ஆனா வாயைத் திறந்து இல்லைன்னும் சொல்லல. போலீஸ் வேணாம், மன்னிச்சு அனுப்பிடலாம்னு சொன்னார். எவ்வளவு பெரிய மனசுன்னு எல்லாரும் இவரைப் பாராட்டினாங்க. இதை அவர் கண்ணுல படட்டும்னு நான் மடியிலயே வச்சுட்டு உட்கார்ந்தேன். பார்த்துட்டுத்தான் பாத்திரத்தைத் தூக்கிட்டு அடுத்தவங்ககிட்டப் போனார்.”

“நீங்க என்ன பண்ணுனீங்க?”

“நான் பந்திக்குப் போகல.”

“அது சின்னராசுவுக்குப் போதுமாம்மா?”

அன்னம்மா துண்டுகளைப் பைக்குள் வைத்து அக்காவிடம் கொடுத்தார். எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. ஆனால் தப்பான கேள்வி என்று தோன்றவில்லை.

வெஸ்ட்ரியில் ஆயர் ஜெயகரன் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வார்டனும் அங்கேயே இருந்தார். அக்கா இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்தார். தவமணி ஒரு நிமிடம் அதைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

“நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன் ஐயா,” என்றார். “விபத்து. யாருக்கும் கெடுதல் நினைக்கல.”

“நினைக்காமலே செஞ்சிட்டீங்க,” என்றார் அக்கா.

ஆயர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களோடு எனக்கு இருக்கும் சிக்கலே, யாருடைய மனமும் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, குரல் இல்லாதவன் தலையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுவார்கள்.

“பாத்திரம் கிடைச்சதே பெரிய காரியம்,” என்றார்.

“சின்னராசு?”

“பாஸ் ரத்தாயிடுச்சு. இனி நம்ம கையில ஒண்ணும் இல்லையேம்மா.”

“வாய் இருக்கே ஐயா. அதே பீடத்துல நின்னு, அவர் எடுக்கலைன்னு சொல்லுங்க. கேமரா ஓடட்டும், அவங்க ஊர்லயும் கேக்கட்டும்.”

ஆயர் வார்டனைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். “அடுத்த ஞாயிறு அறிவிப்புல சொல்றேன்,” என்றார். நான் நம்பினேன். அக்காவும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

சாங்கி விமான நிலையத்தில் சின்னராசு வரிசைக்கு வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னோம். வார்டன் பெயரைக் கேட்டதும் பெட்டியிலிருந்து எழுந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஆயர் சொல்லுவாராக்கா?”

“அடுத்த ஞாயிறு. அறிவிப்பு நேரத்துல.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப எங்க சபை ஆளுங்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு வச்சுக்கிடுதேன். போன்ல சின்னதாத் தெரியும், டிவியில போட்டுருவோம்,” என்றார். உள்ளே போகுமுன் திரும்பி வந்து, “தம்பி, நான் இல்லாம கேமரா யாரு வைப்பா? நடுப்பாதையில வச்சாத்தான் பீடம் முழுசாத் தெரியும். சொல்லிருங்க,” என்றார்.

அடுத்த ஞாயிறும் அதே கடைசி பெஞ்சு. கேமரா பார்க்க ஆளில்லாமல், யாரோ தன் கைபேசியை ஒரு ஸ்டாண்டில் செருகி நடுப்பாதையில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் அன்னம்மா. இன்று மடியில் பை இல்லை.

பிரசங்கம் முடிந்தது. ஆயர் அறிவிப்புகளுக்கு வந்தார்.

“காணாமற்போயிருந்த நமது வெள்ளிப் பாத்திரம் தேவ கிருபையினால் கிடைத்துவிட்டது. அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பை நம் வார்டன் தவமணி அவர்கள் அன்போடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவருக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆராதனைக்குப் பின் வருடாந்திரக் கூட்டம் நடைபெறும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் ஈஸ்ட் கோஸ்ட் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்க இன்றே கடைசி நாள்.”

எல்லோரும் ஆமென் என்றார்கள். தவமணி தலையைத் தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார். பீடத்திலிருந்து வர வேண்டிய ஸ்தோத்திரம் கடைசியில் வந்தேவிட்டது.

விசாலாட்சி அக்காவின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. “அயோக்கியத்தனம்,” என்றார். இந்தத் தடவை முன் பெஞ்சு அம்மாள் திரும்பவில்லை.

சமாதானம் சொல்லி முடித்து, திருவிருந்துப் பாட்டு தொடங்கியபோது என் கைபேசி அதிர்ந்தது. சின்னராசு.

‘தம்பி, நெட் விட்டு விட்டு வந்துச்சு. எம் பேரைச் சொன்னாங்களா?’

அக்காவிடம் காட்டினேன். வாங்கிப் படித்தார், எழுந்தார், நேராக இரண்டாவது வரிசைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். எல்லோரும் பந்திக்குப் போய்விட, அந்த வரிசையில் அன்னம்மா மட்டும் இருந்தார்.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியை நீட்டினார். அன்னம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார்.

“இதுக்கு என்ன பதில் போடட்டும்?” என்றார் அக்கா.

“கேமரா எங்க இருக்கு?” என்று கேட்டார் அன்னம்மா.

நான் கையைக் காட்டினேன். எல்லோரும் பீடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நடுப்பாதையில் அவர் எதிர்ப்பக்கமாக நடந்தார். வழிவிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டாண்டின் முன்னால் நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கைபேசிக்கு மிக அருகில் குனிந்தார்.

“சின்னராசு, நான் அன்னம்மா பேசுறேன். பாத்திரத்தை நீ எடுக்கல. என் வீட்டுக்காரர் எடுத்தார். எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் சொல்லல. உனக்கு யாருடைய மன்னிப்பும் வேண்டியதில்ல. எங்களுக்குத்தான் உன் மன்னிப்பு வேணும்.”

வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். பாட்டு இரண்டு வரி தடுமாறிப் பிறகு மறுபடி சேர்ந்துகொண்டது. பீடத்தில் ஆயரின் கை அப்பத்தோடு அந்தரத்தில் நின்றது. தவமணி அன்னம்மாவைப் பார்த்தார். பிறகு பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்து, திருப்பி, முட்டி போட்டிருந்த அடுத்தவர் வாயருகே கொண்டுபோனார்.

நாங்கள் வெளியே வாசற்படியில் காத்திருந்தோம். அன்னம்மா எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வருடாந்திரக் கூட்டம் தொடங்கும் சத்தம் கேட்டது. யாரும் அவரைத் தேடி வரவில்லை.

என் கைபேசி அதிர்ந்தது. அவரிடமே கொடுத்தேன். வாய்விட்டுப் படித்தார்.

‘அம்மா பேசினது கேட்டுச்சு தம்பி. நல்லாவே கேட்டுச்சு. அறிவிப்பு முடிஞ்ச உடனேயே வந்திருந்த ஆளுங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க. எம் மக மட்டும் இருந்தா.’